கறுப்புக் கிட்டாரில் வெள்ளைப் பஞ்சு

முதலில் ஒட்டியது ஒரே ஒரு பஞ்சுதான்.

பாப்ளர் மரத்துப் பஞ்சு. ஜூன் மாதத்தில் பிஷ்கெக் நகரமே அதைத்தான் மூச்சாக இழுத்துத் தும்மலாக விடும். கிட்டார் கட்டையின் மேல் கறுப்புப் பெயிண்ட் ஈரமாகப் பளபளத்த நேரம் பார்த்து, நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது. மிர்லான் நகத்தால் கிள்ளி எடுத்தான். பஞ்சு வந்துவிட்டது, விரல் ரேகை தங்கிவிட்டது. அதை மறைக்க ஸ்ப்ரே டப்பாவைக் கிட்டத்தில் பிடித்து அழுத்தினான். பெயிண்ட் ஒழுகியது. அவன் விழித்துக்கொண்டு நிற்கையில் ஒரு கும்பல் பஞ்சு வந்து குடியேறியது.

முற்றத்து பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரைக்கான் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா வாத்தியாரே, பஞ்சு பறக்கறப்ப நாங்க துணியே வெளிய காயப்போட மாட்டோமே."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

அவனுக்குக் காது சூடேறியது. விதைகள் காற்றில் பரவுவதைப் பற்றிப் போன மாதம்தான் பள்ளியில் பாடம் நடத்தியிருந்தான்.

எல்லாம் வாயால் வந்த வினை. மாமியாரின் பிறந்தநாள் விருந்தில் மச்சான் எர்கின் தன் கறுப்புக் கிட்டாரை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"கட்டை அறுத்ததுலேருந்து பெயிண்ட் வரைக்கும் எல்லாம் இந்தக் கைதான் மாப்ள. போன வருஷம் செஞ்சது. அதுக்கெல்லாம் ஒரு கை வேணும்."

"என்ன பெரிய வித்தை? நானும் ஒண்ணு செஞ்சு காட்டறேன்" என்றான் மிர்லான். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

கட்டையைக் குளியலறைக்குத் தூக்கிப்போனான். அங்கே பஞ்சு இல்லை, ஈரம் இருந்தது. பெயிண்ட் காயவில்லை. மனைவியின் முடி உலர்த்தும் மெஷினை எடுத்துக் காட்டினான், கொப்புளம் கிளம்பியது. கொப்புளம் அமுங்கட்டும் என்று மேலே வார்னிஷ் அடித்தான். பால் ஆடை போலப் பெயிண்ட் மொத்தமும் சுருங்கிக்கொண்டது.

மனைவி பெர்மெத் கதவைத் திறந்தாள்.

"என் வெள்ளைத் துண்டெல்லாம் ஏன் புள்ளி புள்ளியா இருக்கு?"

"தொவச்சுடறேன்."

"மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க. அண்ணன் போன் பண்ணான். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கிட்டார் பாக்க வர்றாங்களாம். கொருண்டுக்குன்னு அம்மா உங்களுக்குச் சட்டைத்துணி எடுத்துட்டாங்களாம்."

கொருண்டுக் என்கிற அன்பளிப்பு இல்லாமல், வெறுங்கையோடு, புதுப் பொருளை முதன்முதலில் யாரும் பார்க்க மாட்டார்கள். இந்த லட்சணத்துக்கு ஒரு சட்டைத்துணி. அதை வாங்கிக்கொண்டு மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கத்தில் மிர்லானுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கட்டையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் சந்து சந்தாக நடந்து, காருக்குப் பெயிண்ட் அடிக்கும் சமாத்தின் கொட்டகைக்குப் போனான். சமாத் போர்வையைப் பிரித்தான். பார்த்தான். திருப்பிப் போட்டு மறுபடியும் பார்த்தான்.

"யாரு அடிச்சது?"

மிர்லான் சட்டென்று முந்திக்கொண்டான்.

"நான் இல்லப்பா. என் மச்சான், எர்கின். கல்யாணத்துல எல்லாம் கிட்டார் வாசிப்பான். வாய்தான் நீளம், பெயிண்ட் அடிக்கக் கை வராது. நான் வாத்தியார், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள பளபளன்னு பண்ணிக் குடுத்தா போதும்."

சொன்ன பிறகு வெட்கம் இரட்டிப்பானது. பாவம், இங்கே இல்லாதவன் தலையில் பழியைக் கட்டிவிட்டோமே என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சமாத் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான்.

"எர்கினா? போன ஜூன்ல இதே மாதிரி பஞ்சோட ஒண்ணத் தூக்கிட்டு வந்தவருதானே? 'நான் இல்லப்பா, வாத்தியாரா இருக்கற என் தங்கச்சி புருஷன் பண்ண வேலை'ன்னு சொல்லிட்டு, இதே எடத்துல இப்படித்தான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு."