மூன்று நிமிட ஓய்வு போதவில்லை

அன்புள்ள ஐவின்ட் அண்ணாவுக்கு,

தங்கை ஸோல்வி எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் அண்ணியும், ஏப்ரலில் மிச்சமிருக்கும் பனியும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தரையில் படுத்துப் பலகையில் காதை வைத்தேன். கீழ்வீட்டில் சத்தமே இல்லை. ஏன் காது வைத்தேன் என்று சொல்கிறேன்.

பதினொரு வருடமாக வாத்தியக் குழுவின் மூன்றாம் கார்னெட் ஊதுகுழல் வரிசையில் ஒளிந்திருப்பவள் நான். இந்த மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்திலாவது தனி வாசிப்பு எனக்குக் கிடைக்காதா என்று ஜனவரியில் உன்னிடம் புலம்பினேன். "ஒரு மணி நேரம் விடாம ஊதறது பயிற்சி இல்லடி, தண்டனை. என் பனிச்சறுக்குப் பசங்களுக்குச் சொல்றதுதான் உனக்கும். நாலு நிமிஷம் உயிரைக் குடு, மூணு நிமிஷம் சும்மா இரு. நாலு தடவை. மூளையும் தொடை மாதிரிதான்" என்றாய். உயிரைக் கொடுப்பது சுலபமாக இருந்தது அண்ணா, சும்மா இருப்பதுதான் வரவில்லை. முதல் ஓய்வில் உருளைக்கிழங்கு வேக வைத்தேன், இரண்டாவதில் அலுவலகக் கடிதத்துக்குப் பதில் போட்டேன், மூன்றாவதில் ஐந்தாம் வரியின் உச்ச ஸ்வரத்தை நினைத்துப் பயந்தேன், நீ கொடுத்த நாடித்துடிப்புப் பட்டை நூற்று எழுபது காட்டியது, உட்கார்ந்தபடியே! கிழங்கு கருகி, புகைமணி அலறி, மாடிப்படியெல்லாம் ஆட்கள்.

மறுநாள் மாடிப்படி அறிவிப்புப் பலகையில் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு: 'மூன்றாம் மாடியில் ஊதுபவருக்கு. மூன்று நிமிட ஓய்வு போதவில்லை. அன்புடன், இரண்டாம் மாடி.' நம் ஊரில் சீட்டில் 'அன்புடன்' போட்டால் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியும். வாஃபிளும் பழுப்புச் சீஸும் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்து, மாதப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி மறுபடி பேசப் பழகும் கீழ்வீட்டு ஆர்னுல்ஃப்தான் கதவைத் திறந்தார்.

"கோபம்... இல்லம்மா. நீ ஊதினா நான் ஓய்வு. நீ நிறுத்தினா, நான் மாசம் சொல்றேன். ஜனவரி, பிப்ரவரி... ஆகஸ்ட் வரும்போது நீ... ப்ப்ப்பாம்!"

"கொஞ்சம் வேகமா சொல்லக் கூடாதா?"

"நீ கொஞ்சம் நல்லா ஊதக் கூடாதா?" இந்த வாக்கியம் மட்டும் திக்காமல் வந்தது.

தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் செய்யும் பயிற்சியில், உன்னைக் கேட்காமல் ஓய்வை நான்கு நிமிடமாக்கினேன், மன்னித்துவிடு. அதன் பிறகு ஓய்வு நேரத்தில் தரையில் படுத்து, அவர் ஆகஸ்டைத் தாண்டுகிறாரா என்று கேட்பதே என் வேலை. உச்ச ஸ்வரத்தை நினைக்க நேரமே இல்லை. எழுந்து ஊதினால் அது தானாக வந்து நின்றது. நீ சொன்ன சும்மா இருப்பது இதுதானா? இதைத் தந்ததற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!

நேற்று மாலை ஐந்து மணிக்குத் தேர்வு. குழுவை நடத்தும் ஹால்டிஸ், "ஏன்டி, இந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றாள். தனி வாசிப்பு எனக்குத்தான்! இனி தினமும் ஐந்து மணிக்கு மண்டபத்தில் ஒத்திகை, இன்று மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பேனா? குடும்பத்தோடு வந்துவிடு. உன் முழங்காலுக்கும் உன் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

நன்றி மறவாத தங்கை,
ஸோல்வி

பி.கு.: உறையை ஒட்டும் முன் தபால்பெட்டி அருகே ஆர்னுல்ஃபைப் பார்த்தேன். "நேத்து நீ இல்ல. நானும்... இல்ல" என்றார்; நான் ஊதாததால் அவரும் மாதம் சொல்லவில்லையாம். அதனால் பயணச்சீட்டை இப்போதே எடுக்காதே. ஒத்திகையை ஏழு மணிக்கு மாற்றினால் வருகிறேன், முடியாதென்றால் தனி வாசிப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்று ஹால்டிஸிடம் சொல்லப்போகிறேன். ஐந்து மணி காலியில்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியாது, நான் இப்படிச் சொல்லப்போவது ஆர்னுல்ஃபுக்கும் தெரியாது.