குருட்டுக் குதிரைப் பாட்டும் பல் டாக்டர் மகளும்

அன்புள்ள ஓப்பல் அக்காவுக்கு, நியூயார்க்கிலிருந்து தங்கை வெர்னா எழுதுவது. நீயும் அத்தானும் கோழிகளும் நலமாகவே இருப்பீர்கள். கென்டக்கி மலைக்காற்றில் யாருக்கு என்ன குறை? எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறு மட்டும் எரிகிறது. சாப்பாட்டினால் அல்ல.

அடுத்த வியாழக்கிழமை உன் வாசலில் ஒரு பெண் வந்து நிற்பாள். பத்தொன்பது வயது, இடுப்பைத் தொடும் கூந்தல் (இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நேராக்குகிறாள், நானே பார்த்தேன்), தோளில் கித்தார், காலில் செருப்பு இருக்காது. ஏழை என்று இரக்கப்பட்டுவிடாதே. அவள் அப்பா கனெக்டிகட்டில் பல் டாக்டர். பெயர் பாமெலா. நம் குருட்டுக் குதிரைப் பாட்டை உன் வாயால் கேட்க வேண்டுமாம். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடு.

காரணம் கேட்பாய். இந்த ஊருக்கே இப்போது நாட்டுப்பாட்டுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நான் பாடும் காபிக் கடையில் கைதட்டக் கூடாது, மாடியில் குடியிருப்பவர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். அதனால் பாட்டுப் பிடித்தால் விரலைச் சொடுக்குவார்கள். இத்தனை வருஷமாக எனக்கு விழுந்த சொடுக்கெல்லாம் ஒரு நாய்க்குட்டியைக் கூப்பிடத்தான் காணும். இன்னொரு வழக்கமும் உண்டு: யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் சொல்லித்தர மறுக்கக் கூடாது, நாட்டுப்பாட்டு எல்லாருக்கும் சொந்தமாம். போன குளிர்காலத்தில் இவள் வந்து, "மிஸ் வெர்னா, அந்தக் குதிரைப் பாட்டைக் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?" என்றாள். சொல்லித் தந்தேன், சூப்பும் கொடுத்தேன். அடுத்த வாரமே அவள் அதைப் பாட, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி சொடுக்கு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் அக்கா. இங்கே வருஷாவருஷம் நடக்கும் நாட்டுப்பாட்டுக் கோடை விழாவில் மலைப்பாட்டுக்கு ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்கள். அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும் என்றுதான் இந்த ஊரில் குளிரில் கிடந்தேன். நல்ல தொப்பி ஒன்று வைத்துக்கொண்டு தேர்வுக் குழுவின் முன்னால் போய்ப் பாடினேன். குடியானவன் சட்டை போட்ட பேராசிரியர் ஒருவர் கேட்டார்:

"பாட்டெல்லாம் சரிதான். ஆனா பேச்சு ரொம்பச் சுத்தமா இருக்கே, மேடம்?"

"காலேஜ்ல படிச்சேன் சார்."

"அடடா!" எழவுச் செய்தி கேட்டவர் போலப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பொறந்து வளந்தது மலையிலதான் சார். எங்கப்பா சுரங்கத்துல வேலை பாத்தவர்."

"இருக்கலாம்மா. பாக்கறவங்க நம்பணுமில்ல?"

எனக்கு அடுத்து பாமெலா போனாள். எந்த ஊர் என்று அவளை யாரும் கேட்கவே இல்லை. காலைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து நானும் ஷூவைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். கால் ஆணிதான் தெரிந்தது. இந்த வயதில் பிறத்தியாள் பாதத்தைப் பார்த்துப் பொருமுவேன் என்று யார் கண்டது? மறுநாளே அவள் ஓடி வந்தாள். "விழாவுக்கு முன்னாடி உங்கக்கா பாடி ஒரு தடவை கேக்கணும், மிஸ் வெர்னா!" மறுக்கக் கூடாது என்பதுதான் வழக்கமாயிற்றே, உன் விலாசத்தை நானே சொன்னேன். ஆகவே கதவைத் திறக்காதே. திறந்துவிட்டால் சோள ரொட்டி கொடுக்காதே. விடாப்பிடியாக நின்றால், மூன்றாவது அடியில் மேலே ஏறும் ராகத்தைக் கீழே இறக்கிச் சொல்லிக்கொடு. அதுதான் அசல் என்று பேராசிரியரும் நம்பட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். கடவுள் உங்களைச் சுகமாக வைக்கட்டும்; என்னை அப்புறம் கவனித்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
வெர்னா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் பாமெலா வந்தாள். உன் ஊருக்குக் கிளம்புமுன் பாட்டை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று மாடிப்படியில் உட்கார்ந்து முழுக்கப் பாடினாள். குற்றம் பிடிக்கத்தான் கேட்டேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை அக்கா, அதுதான் வயிற்றெரிச்சல். மேலே எழுதியதை அடுப்பில் போடு. ரொட்டி கொடு, வெண்ணெய் தடவியே கொடு. பாட்டை உள்ளது உள்ளபடி சொல்லிக்கொடு. நன்றாகப் பாடினால் சாவகாசமாக ஒரு கடிதம் போடு. ஓரிடத்தில் பிசகினாலும் உடனே தந்தி கொடு.