ஒரு போனுக்காகத் திறந்த கணக்கு

இலவசமாகத் தருவதை வாங்குவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அது இல்லை. கடையில் சீஸ் துண்டைக் குச்சியில் குத்தி நீட்டினால்கூட, இதைத் தின்றால் முழுக்கட்டியையும் வாங்கவேண்டி வருமோ என்று பயந்து மறுபக்கத்தால் போகிறவன் நான். (மனைவி இரண்டு துண்டு எடுப்பாள். ஒன்றும் வாங்கமாட்டாள்.)

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில், நாலு பிரமச்சாரிகளோடு குடியிருந்தேன். பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். மிச்ச நேரத்தில் கவலைப்பட்டேன். கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பெண், வதனி, கொழும்பில் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போனில் பேசலாம் என்று இரு வீட்டாரும் பெருந்தன்மையாக அனுமதித்திருந்தார்கள். ஆனால் எங்கள் போன், எல்லாரும் கூடியிருக்கும் ஹோலின் நடுச்சுவரில் அறையப்பட்டிருந்தது. நான் அதைத் தூக்கினால் பையன்கள் ரீவியின் சத்தத்தைக் குறைப்பார்கள். மரியாதைக்காக அல்ல.

ஆகவே வதனியிடம் நான் அதுவரை சொன்னதெல்லாம் "ஓம்". மிகவும் உருகிய வேளைகளில் "ஓமோம்".

ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்: "உங்களுக்கு உண்மையா விருப்பமோ, இல்லாட்டி வீட்டில சொல்லினம் எண்டு செய்யிறியளோ?"

பின்னால் நாலு சோடிக் காதுகள். "ஓம்" என்றேன்.

"எது ஓம்?"

"ஓமோம்."

"சரி, வடிவா யோசிச்சு வாற ஞாயிறு சொல்லுங்கோ. அப்பவும் இப்பிடியெண்டா, மாமாட்டச் சொல்லி நிப்பாட்டிப்போடுவன்."

அந்தக் கிழமைதான் தெருமுனை வங்கி தன் கண்ணாடியில் ஒரு படம் ஒட்டியது. புதிதாகச் செக்கிங் எக்கவுண்ட் திறந்தால் வயர் இல்லாத கோட்லெஸ் போன் இலவசம், சனிக்கிழமையோடு சரி. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் போனும் கையுமாகப் புல்வெளியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒருவருமே இல்லை. எனக்கு அந்த மனிதர்மேல் அப்படியொரு பொறாமை. புல்வெளி வேண்டாம், எங்கள் பல்கனி போதும்.

வேறொருவன் என்றால் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டிருப்பான். நான் வீட்டுக்குப் போய், கூடக் குடியிருந்த குணா அண்ணையிடம் கேட்டேன். (எனக்குச் சற்று முந்திக் கனடாவுக்கு வந்துவிட்ட ஒரே தகுதியில் அவர் எங்கள் வீட்டின் சட்டத்தரணி, வைத்தியர், கணக்காளர்.)

"சும்மா தாறவன் ஏன் தாறான், அதை யோசி. உனக்கு வேற பாங்கில ஏற்கெனவே எக்கவுண்ட் கிடக்கு. ரெண்டு வைச்சிருக்கிறாய் எண்டு தெரிஞ்சா இமிகிரேஷன்காரன் என்ன நினைப்பான்?"

"என்ன நினைப்பான் அண்ணை?"

"அதைத்தானே நானும் கேக்கிறன்."

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. வதனியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யும்போது, இரண்டு கணக்குக்காரன் இரண்டு கல்யாணமும் செய்வான் என்று ஓர் அதிகாரி எழுதிவைப்பதாகக் கற்பனை ஓடியது. அடுத்த நாளிலிருந்து கட்டடம் முழுக்க ஆலோசனை கேட்டேன். உடுப்புத் தோய்க்கும் அறையில் கேட்டேன், எலிவேட்டரில் கேட்டேன், கீழ்மாடி ராணி அன்ரியை வாசலில் மறித்துக் கேட்டேன்.

"உது எந்த பாங்க் தம்பி? எத்தினை மணி மட்டும் திறந்திருக்கும்?"

எல்லாருமே இப்படி நுணுக்கமாக விசாரித்தார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு பேருக்கு அக்கறையா என்று நெஞ்சு நெகிழ்ந்தது. சனிக்கிழமை, யாழ்ப்பாணத்து ராகுகாலம், ரொறன்ரோ ராகுகாலம் இரண்டும் கழிந்தபின், வங்கிக்குள் நுழைந்தேன். அங்கிருந்த பெண் என் முகவரியைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் பேசுவதென்றால் விருப்பம் போல என்றாள். கடைசிப் பெட்டியை எடுத்துத் தந்தாள். பயத்தில் இருந்தவனுக்கு அது மண்டையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குணா அண்ணை பையன்களைத் தானே கிளப்பிக்கொண்டு போனார். "நீ ஆறுதலாக் கதை. நாங்கள் கீழ ராணி அன்ரி வீட்டில நிக்கிறம்." அவரை எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டேன் என்று கண் கலங்கியது.

ஜாக்கெற்றும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பல்கனியில் நின்றேன். கொழும்பு கிடைத்தது. ஒரு கிழமையாகப் பாடமாக்கியதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"வதனி, உம்மட குரலைக் கேட்ட நாளில இருந்து எனக்குச் சோறு இறங்குதில்லை."

(மத்தியானம் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டிருந்தேன். இலக்கியத்தில் அதெல்லாம் பார்க்கக்கூடாது.)

போனில் ஓர் இருமல்.

"ஆர் இருமினது?" என்றாள் வதனி.

"அது லைன்."

அப்போது அந்த லைன் குணா அண்ணையின் குரலில் கிசுகிசுத்தது: "அன்ரி, இருமாதேங்கோ, அவனுக்குக் கேக்கப்போகுது."

அந்தக் காலத்துக் கோட்லெஸ் போன்களில் ஒரே மாதிரி இரண்டு கிட்டக்கிட்ட இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதில் விழும். எங்கள் கட்டடத்திலோ நான் வீடு வீடாகச் செய்த பிரசாரத்தின் பயனாகத் தமிழ் வீடெல்லாம் அதே வங்கியின் அதே போன். சுவரில் கிடந்தபோது நாலு பேர் கேட்டார்கள். இப்போது ஐந்து மாடி கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வதனி சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்கட வீட்டில எப்பவும் இப்பிடித்தானோ?"

"ஓம்."

"அதுதான் நீங்கள் ஓமை விட்டு வேற ஒண்டும் சொல்லேல்லை. நான் வேற மாதிரி நினைச்சிட்டன். சரி, மாமாட்ட ஒண்டும் சொல்லமாட்டன்."

"நல்ல பிள்ளை" என்றது லைன், இம்முறை ராணி அன்ரியின் குரலில்.

மறுநாள் காலை எலிவேட்டரில் அன்ரி ஒரு பெட்டியை என் கையில் திணித்தார். "புட்டு, தம்பி. சோறுதானே இறங்குதில்லை."

அந்தக் கணக்கை நான் இன்னும் மூடவில்லை. (மூடப்போனால் போனைத் திருப்பிக் கேட்பார்களோ என்று ஒரு பயம்.) ஒவ்வொரு மாதமும் அதற்கொரு கட்டணம் போகிறது; அந்தக் காசுக்கு இதுவரை எத்தனையோ போன் வாங்கியிருக்கலாம். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது என் இலையைப் பார்த்துவிட்டு, "இவருக்குப் புட்டு இல்லையோ?" என்று கேட்கிறார்கள். வீட்டில் நான் இரண்டாம் தரம் சோற்றுக்குக் கை நீட்டும்போது, வதனி அகப்பையை நடுவழியில் நிறுத்துவாள்.

"இறங்குதோ?"

"ஓமோம்" என்பேன்.