அப்பாவின் கடிதத்தில் ஒரு சாம்பல் கோடு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு,

மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் சுண்டுவின் அம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் பள்ளியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் 'யார் சொன்னது? எப்படித் தெரியும்?' என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் கேட்கும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை தோறும் நடக்கும் 'யோசிக்கும் வகுப்பு' அடுத்த ஆண்டும் தொடரலாமா என்று கேட்டு, 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டம் போட்ட சீட்டு அனுப்பியிருந்தீர்கள். பத்து நாள் தாமதத்துக்கு மன்னிக்கவும். 'இல்லை' என்ற கட்டத்தில் பேனாவால் அழுத்தமாகக் குறி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் மகளை அந்த வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, கைவேலையோ ஓட்டப்பந்தயமோ, யோசிக்கத் தேவையில்லாத எதிலாவது போடும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்லாவிட்டால் அது மரியாதையாக இருக்காது. அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

தாங்கள் மாதா மாதம் அனுப்பும் சுற்றறிக்கைகளை இந்த ஊரில் கடைசி வரிவரை படிக்கும் ஒரே அம்மா நானாகத்தான் இருப்பேன். பட்டம் வாங்கியவள், படித்த பழக்கம் போகவில்லை. 'இனி விடை சொல்வதற்கு இயந்திரம் இருக்கிறது, கேள்வி கேட்பதற்குத்தான் பிள்ளைகள் வேண்டும்' என்று எழுதினீர்களே, அதை வெட்டி அலமாரியில் ஒட்டிவைத்தேன். எதைப் படித்தாலும், எதைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தீர்கள்: இதை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், அவர் சொல்லாமல் விட்டது என்ன. நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். முதல் வாரமே, வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படியில் 'நாளை முதல் தண்ணீர் தடையின்றி வரும்' என்று ஒட்டிய காகிதத்தின் கீழே மூன்று கேள்வியும் பென்சிலில் வந்துவிட்டது. அவர் கதவைத் தட்டி, "படிச்ச பொண்ணுன்னு வீடு குடுத்தேன்மா" என்றார். அவர் சொன்ன தொனியைக் கேட்டால், நான் படித்ததே தப்பு என்றுதான் தோன்றியது. அடுத்த வாரம் பல் மருத்துவரிடம் போனோம். "வலிக்கவே வலிக்காது பாப்பா, ஆ காட்டு" என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? இது என் பல்லு" என்றாள். வெளியே ஏழு பேர் காத்திருக்கிறார்கள். "நீங்க சொல்லாம விட்டது என்ன?" என்று அடுத்த கேள்வி. அந்த மனிதர் இடுக்கியைக் கீழே வைத்து, சற்று யோசித்து, "கொஞ்சம் வலிக்கும்" என்றார். உடனே வாயைத் திறந்தாள். எனக்குத்தான் மானம் போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுண்டுவின் அப்பா எங்களோடு இல்லை என்பது தங்கள் பதிவேட்டில் இருக்காது. பதினோரு மாதமாகிறது. வேறு ஊரில் வேலை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். வேறு ஊர் என்பது உண்மை. வேலை மட்டுமில்லை, அங்கே வேறு வீடும் இருக்கிறது. முதலில் வாரா வாரம் போன் வந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு அதுவும் நின்றுபோனது. "அப்பா ஏன் எனக்கு ஒரு லெட்டர்கூடப் போடல?" என்று சாப்பிடும்போது கேட்டாள். அந்தச் சமயத்தில்தான் தங்கள் பள்ளியிலிருந்து, 'தொழில்நுட்பத்தைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டாம்' என்று சனிக்கிழமைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. போனேன். கேட்டதை எழுதித் தரும் செயலியை எப்படிக் கேட்பது என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்து, கடைசியில் சான்றிதழும் கொடுத்தீர்கள். அன்று சாயங்காலமே கேட்டேன்: 'தொலைவில் இருக்கும் அன்பான தந்தை எட்டு வயது மகளுக்கு எழுதும் கடிதம், நூற்றைம்பது சொல்.' மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டது. அப்படி ஒரு கடிதம் அந்த மனிதர் எனக்கு ஒருநாளும் எழுதியதில்லை. அதைப் படித்து நானே அழுதேன் என்றால் பாருங்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்காருகிறேன், அங்குள்ள பிரிண்டரில் எடுத்து, எங்கள் வீட்டு முகவரிக்கே தபாலில் போட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இதுவரை ஒன்பது.

அவளும் விடாமல் பதில் எழுதினாள். தபாலில் போடுகிறேன் என்று வாங்கி, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். 'அன்புள்ள அப்பா, தூரம் நம்மைப் பிரித்தாலும் உங்கள் அன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது. அம்மாவை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்று முத்து முத்தான கையெழுத்து. எட்டு வயதில் என்ன பக்குவம்! மனசு கனக்கும்போதெல்லாம் அந்த டப்பாவைத் திறந்துதான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

போன மாதம், அச்சிட்ட காகிதம் ஏதாவது ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து மூன்று கேள்வி கேளுங்கள் என்று வகுப்பில் சொன்னார்களாம். மற்ற பிள்ளைகள் சோப்பு விளம்பரமும் மருந்துச் சீட்டும் கொண்டுபோக, இவள் அப்பாவின் கடிதத்தைக் கொண்டுபோயிருக்கிறாள். தாங்கள் என்னைக் கூப்பிட்டு, அவள் விடை எழுதிய நோட்டைக் காட்டியபோது, இரண்டு முறை படித்தும் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது முறைதான் புரிந்தது. 'யார் சொன்னது? அம்மா லேப் பிரிண்டர். இடது ஓரத்துல சாம்பல் கலர்ல கோடு இருக்கு. என் காய்ச்சல் ரிப்போர்ட்லயும் அதே கோடு. எப்படித் தெரியும்? ஒண்ணும் தெரியாது. தோள்ல தூக்கிட்டுப் பூங்காவுக்குப் போனதா இருக்கு. அப்பாவுக்குத் தோள்பட்டை வலி, என்னைத் தூக்கினதே இல்ல. சொல்லாமல் விட்டது என்ன? அப்பாவை.'

கீழே ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தது.

தாங்கள் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினீர்கள். அதில் ஒன்றுமில்லை. உடனே தங்கள் சொந்தக் கைக்குட்டையையே எடுத்துக் கொடுத்தீர்கள். அதைத் துவைத்து வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்க வரவில்லை. "கேள்வி கேக்கக் கத்துக்குடுத்தோம்மா. பதிலைக் கேட்டுட்டு ஒரு குழந்தை என்ன பண்ணும்னு நாங்க யாருமே யோசிக்கல. முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன், எனக்கே தெரியல" என்றீர்கள். தங்கள் சுற்றறிக்கைகளில் எதிலும் இப்படி ஒரு வரி வந்ததில்லை. அதற்காகவே தங்கள்மேல் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது. ஆனால் அம்மா, பொய்யை எழுதும் வழியை எனக்கும் அதைப் பிடிக்கும் வழியை அவளுக்கும் ஒரே பள்ளியிலிருந்து சொல்லிக்கொடுத்தால் எங்கள் வீடு எப்படித் தாங்கும்? இந்தப் பத்து நாளும் அவள் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். அது வருவதற்குள் அவளை அந்த வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நாள் அவள் குழந்தையாக இருக்கட்டும்.

தங்களுக்கும், வகுப்பாசிரியைக்கும், எந்தக் கேள்வியும் கேட்காமல் எங்களை உள்ளே விடும் வாசல் காவலாளிக்கும் என் வணக்கங்கள். தங்கள் பள்ளியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுண்டுவின் அம்மா

பி.கு.: இதை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்தால், அவள் ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"இது நீயேதாம்மா எழுதியிருக்கே."

"எப்படிச் சொல்றே?"

"சொல்ல வந்ததை விட்டுட்டுப் பல்லு டாக்டர்கிட்டப் போயிட்டே."

பிறகு பிஸ்கட் டப்பா வரும் இடத்தில் விரலை வைத்தாள். "இது மட்டும் தப்பு. அந்தப் பதிலெல்லாம் நான் எழுதல. ஸ்கூல் டேப்லெட்ல கேட்டு, பாத்து எழுதினேன்."

தலைமையாசிரியை அம்மா, ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று அன்பாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. ஒன்பது பதிலில் ஒன்றில்கூட அவள் எதையும் வாங்கித் தரச் சொல்லவில்லை. என் மகள் எதையும் கேட்காமல் ஒரு நாள் இருந்திருக்கிறாளா? எனக்கு அது உறைக்கவே இல்லை.

"எப்ப இருந்து தெரியும்டி?"

"ரெண்டாவது லெட்டர்லயே."

"அப்புறம் ஏன் பதில் எழுதினே?"

"எழுதலேன்னா நீ நிறுத்திடுவே. லெட்டர் வர்ற அன்னிக்குத்தான் நீ என் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுவே."

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றி அவள் கேட்டாள். நான் சொன்னேன், எதையும் விடாமல். "வலிக்குதா?" என்றேன். "கொஞ்சம்" என்றாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். 'இல்லை' கட்டத்தில் நான் போட்ட குறியை அவள் ரப்பரால் தேய்த்திருக்கிறாள். பேனா மை போகவில்லை, காகிதம்தான் ஓட்டையாகிவிட்டது. தயவுசெய்து புதுச் சீட்டு ஒன்று கொடுத்தனுப்பவும்.