மிச்சம் ஒரு சதுர அடி

"ஒரு சதுர அடி மிச்சம் வருது அப்பா," என்றாள் ஜீனா.

பொன்னையன் அம்பூரி ரப்பர் தோட்டத்தை மகன்கள் இருவருக்கும் சரிபாதியாகப் பிரிக்கத்தான் அளவுக்காரர் தாணுமாலயனைக் கூட்டிவந்தார். எல்லைக்கல் நட்டு அளந்துவிட்டு, அவர் ஜீனாவின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துப் போயிருந்தார். ஒரு துரும்பு கூடினாலும் மூத்தவன் சஜுவும் இளையவன் ஈசாக்கும் வெட்டிக்கொண்டு சாவார்கள். மகள் ஜீனாவுக்குப் பங்கு கிடையாது. பி.எஸ்ஸி. கணக்கு படித்தவளாயிற்றே, வகுத்துக் கொடுக்க மட்டும் கூப்பிட்டிருந்தார்கள்.

"மொத்தம் எத்தன அடி?"

"ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு. வரிசையா ஆறு ஒண்ணு. ஒத்தப்படை, ரெண்டால போவாது."

சீட்டை வாங்கிப் பார்த்த பொன்னையனுக்கு, ரெண்டரை ஏக்கருக்கு அது சரியாகத்தான் பட்டது.

"மிச்ச அடி மூத்தவனுக்கு இருக்கட்டும்," என்றார்.

"எனக்கு வெட்டுகத்தி இருக்கட்டும்," என்று ஈசாக் எழுந்தான்.

"எலே, இரி. அத நானே வச்சுக்கிடுதேன்."

"நல்லதாக்கும். செத்தா நட்டக்குத்தற நிறுத்திப் புதைக்கலாம்," என்றான் சஜு.

ரெண்டு பாதிக்கும் நடுவில் கிடக்கும் அந்த அடியைச் சபைக்கு எழுதிவைப்பதாகப் பொன்னையன் சொன்னார். சபைச் செயலாளர் செல்லையன் ஓடிவந்தார்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி! ஆனா நடுத்தோட்டத்துக்கு நாங்க பறந்தா போறது? வழி வேணும்லா?"

வழி யார் பாதியில்? சஜு தம்பியின் சட்டையைப் பிடித்தான். தாய் ராஜபாய் வெட்டுகத்தியை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள்.

"பின்ன எதாலதான் மக்கா போவும் இந்தச் சனியன்?" என்று பொன்னையன் மகளைக் கேட்டார்.

"மூணு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, முப்பத்தேழு."

"முப்பத்தேழு பிள்ளைக்கு நான் எங்க போவேன்?"

"என்னப் பாக்காதீரும்," என்றாள் ராஜபாய்.

"மூணு போதும். ஆளுக்கு முப்பத்தேழாயிரத்து முப்பத்தேழு. மிச்சமே கிடையாது."

"மூணாவது ஆளு எவன்?"

ஜீனா அண்ணன்மார் இருவரையும் விரலால் சுட்டினாள். "ஒண்ணு. ரெண்டு." அப்புறம் அதே விரலைத் தன் நெஞ்சில் குத்தினாள்.

"பொட்டப்பிள்ளைக்குத் தோட்டமா?" என்று சஜு குதித்தான்.

"ஒனக்கு ஒரு அடி கூடப் போறதுக்கு, இவளே கொண்டுபோவட்டும்!" என்றான் ஈசாக்.

யோசித்துப் பார்த்த சஜுவுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

மறுநாள் நெய்யாற்றின்கரை ரிஜிஸ்டர் ஆபீஸ். ஆதாரப் பத்திரம் எழுதுகிறவர் அளவு கேட்டதும் ஜீனா முந்தினாள். "அளவொண்ணும் வேண்டாம். மூணு சமபாகம்னு எழுதினாப் போதும்."

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ரத்தம் சிந்தாமல் பாகம் முடிந்த சந்தோஷத்தில் பொன்னையன் வாசலுக்கு வந்தால், எதிரே தாணுமாலயன் மூச்சு வாங்க நின்றார்.

"அண்ணாச்சி, இப்பத்தான் தோட்டத்துக்க அளவக் கூட்டி முடிச்சேன்."

"அதான் அண்ணைக்கே தந்தீரே, ஆறு ஒண்ணு!" பொன்னையன் பையிலிருந்த சீட்டை நீட்டினார்.

தாணுமாலயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் நட்ட ஆறு கல்லுக்கு இழுத்த ஆறு கோடாக்கும். ஏன் ஜீனா மக்கா, தரும்போதே ஒனக்கிட்ட சொன்னேம்லா?"