லியாவ் குருவின் அரிசிக் கிண்ணம்

சியாயி நகரில் லியாவ் குருவின் வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். எல்லார் கையிலும் உள்ளங்கை அளவு சட்டை. குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளைகளுடையது. பிள்ளை வர முடியாது. சட்டை வந்தால் போதும். குரு அதை அரிசிக் கிண்ணத்தின் மேல் கட்டுவார், ஊதுபத்திப் புகையில் மூன்று முறை சுற்றுவார், பிரித்து அரிசியில் விழுந்த பள்ளத்தைப் படிப்பார். பிறகு ‘ஃபூ’ என்று ஊதுவார். அந்த மூச்சு ஆறு தெரு தாண்டி, லிஃப்டில் ஏறி, பிள்ளையின் நுரையீரலுக்குள் போய்விடுமாம். நாற்பத்தொன்பது நாளில் குணம்.

அத்தனை நாளில் அந்த நுரையீரல் பெரும்பாலும் தானாகவே முதிர்ந்துவிடும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், படித்தவர்கள்தானே. எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் நானும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்துக்குப் பசிக்குமே.

காளான் பண்ணைக்காரர் சுங்-வெய்க்குப் பன்னிரண்டு வாரம் முன்னதாகவே பெண் பிறந்திருந்தாள். மூக்கில் குழாய். இயந்திரம் விடாமல் காற்றைத் தள்ளியதால்தான், ஒட்டிக்கொள்ளப் பார்த்த நுரையீரல் விரிந்து நின்றது. அவள் சட்டையோடு வந்த சுங்-வெய்க்குக் குரு ஒரு வழி சொன்னார்.

“மெஷின் காத்து குளிர்ந்த காத்துப்பா. அதைப் பாத்து சொந்த மூச்சு வெக்கப்பட்டு உள்ளேயே நிக்குது. நாளைக்கு மதியம் குழாயை எடுக்கச் சொல்லு.”

குழாயை எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட சுங்-வெய் தயாராகிவிட்டார். மனைவி ஷு-ஃபென் பதறிப்போனாள். துடைப்பதற்காகக் குழாயை ஒரு நொடி நகர்த்தியபோதே பிள்ளையின் விலா உள்ளே குழிந்ததை அவள் பார்த்திருக்கிறாள். என் கடையில் உட்கார்ந்து அவள்தான் இதைச் சொன்னாள்.

சண்டை போட்டால் புருஷன் கேட்க மாட்டார். அன்று மாலையே அவரையும் கூட்டிக்கொண்டு போய், சுருட்டிய குட்டிக் கம்பளிச் சட்டை ஒன்றைக் குருவிடம் நீட்டினாள். நானும் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

“குழாயை எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துடுங்க குருவே.”

கட்டினார். சுற்றினார். பிரித்தார்.

“இடது நுரையீரல் திறந்தாச்சும்மா. நாளைக்குக் குழாய் போனதும் உன் பொண்ணு ‘அம்மா’ன்னு அழுவா.”

“நல்லாப் பாத்துட்டீங்களா?”

“என் கண்ணு முன்னாடிதான் படுத்திருக்கா.”

ஷு-ஃபென் சட்டையை விரித்துப் பிடித்தாள். நான்கு கை. தோள்பையைத் திறந்தாள். கடலை என்ற அவளுடைய நாய் தலையை நீட்டியது. ஆறு வயது, ஆண்.

“இவன்தான் நீங்க பாத்த பொண்ணு.”

குரு நாயை உற்றுப் பார்த்தார். “போன ஜென்மத்துல பொண்ணு.”

சுங்-வெய்க்கு முகம் காது வரை சிவந்தது. “அப்ப என் பிள்ளைக்கு எதைப் பாத்துய்யா சொன்னே?”

குரு ‘ஃபூ’ என்று ஊதுபத்தியை ஊதி அணைத்தார். வரிசை கலைந்தது, கொஞ்சம்தான். பின்னால் ஒருவர், “பூனைக்கும் பாப்பாரா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்து வாரம் கழித்து டாக்டர்களே அதை எடுத்தார்கள். பிள்ளை ‘அம்மா’ என்றெல்லாம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியே அதிர அழுதாள்.

கடலை அன்று அந்த அரிசியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நமக்கும் மூக்கு இருக்கிறது. பிள்ளையின் சட்டையை ஒருவன் கையில் கொடுப்பதற்கு முன், அவன் சொல்வதை ஒரு தடவை மோந்து பார்த்தால் என்ன?