அவசரத்துக்கு வைத்த போர்டு

மனிதரில் ஓர் இனம் உண்டு: எதையும் பயன்படுத்தாமல் பத்திரப்படுத்துகிற இனம். கண்டுபிடிப்பது சுலபம். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். நாக்கில் 'அவசரத்துக்கு இருக்கட்டும்' தொங்கும்.

இந்த இனத்தின் அசல் வார்ப்பைப் பார்க்க வேண்டுமா? காகித ஆலையின் டர்பைன் பிரிவுக்கு வாருங்கள். மேற்பார்வையாளருக்கு அங்கே பெயர் பெட்டியண்ணன். டர்பைன் வேகத்தை அடக்கி ஆளும் உயர் மின்னழுத்த மின்சுற்றுப் போர்டுக்கு மாற்று ஒன்று, வெள்ளிநிற உறைக்குள், உறை பஞ்சுக்குள், பஞ்சு பெட்டிக்குள், பெட்டி பூட்டிய அலமாரிக்குள் என்று ஆறு வருடமாக அவரிடம் கொலுவீற்றிருந்தது. தினமும் காலையில் அலமாரியைத் திறப்பார், தூசி தட்டுவார், பெட்டியை லேசாகத் தூக்கிக் கனம் பார்ப்பார், பூட்டுவார். கும்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை டர்பைன் நின்றது. போர்டின் பச்சை விளக்கு செத்துக் கிடந்தது. மதியத்துக்குள் ஓடாவிட்டால் தொட்டிகளில் இருக்கும் காகிதக் கூழ் அத்தனையும் இறுகிப் பாழ்.

"அண்ணே, பெட்டியக் குடுங்க," என்றாள் எலெக்ட்ரீஷியன்.

"அது அவசரத்துக்கும்மா."

"டர்பைனே நின்னுபோச்சு. இதவிட என்னண்ணே அவசரம்?"

"இதவிடப் பெரிய அவசரம் வந்தா என்ன பண்ணுவ?"

கடைசியில் மேனேஜரே வந்து கையை நீட்டினார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனைப்போலக் கண்கலங்கி, பெட்டியண்ணன் சாவியைக் கொடுத்தார்.

டேப் கிழிந்தது. பஞ்சு விலகியது. உறை பிரிந்தது. உள்ளே, ஒரு மூலை முழுக்கக் கருகிய பழைய போர்டு.

யார் வைத்தது? வேறு யார்! ஆறு வருடத்துக்கு முன் போர்டு மாற்றியவர் அவரேதான். புதியதை மாட்டினார்; காலிப் பெட்டி அத்தனை லட்சணமாக இருக்கவே, தூக்கிப்போட மனசு வராமல், கழற்றிய கருகலை அதில் வைத்து டேப்பும் ஒட்டினார். வைத்தது என்ன என்பது மறந்துபோயிற்று. பத்திரம் மட்டும் மறக்கவில்லை.

"கரிக்கட்டைய இவ்வளவு பாசமா யாரும் பாத்துக்கிட்டதில்லண்ணே," என்றாள் எலெக்ட்ரீஷியன்.

அவள் மின்சாரத்தை நிறுத்தி, மிச்ச மின்சாரம் வடியும்வரை பொறுத்து, டர்பைனில் மாட்டியிருந்த போர்டையே வெளியே உருவினாள். சொருகும் முனைகளில் காகிதத் தூசி படிந்து கறுத்திருந்தது. மேனேஜர் மேசையிலிருந்த பென்சில் ரப்பரை வாங்கி, பளபளக்கத் தேய்த்து, மறுபடி சொருகினாள். பச்சை விளக்கு கண் விழித்தது. டர்பைன் முனகியது, உறுமியது, ஓடியது.

கூழ் பிழைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். பெட்டியண்ணன் மட்டும் தங்கினார். மேசையில் கிடந்த ரப்பரை எடுத்து, வெள்ளி உறையில் போட்டு, பஞ்சில் பொதிந்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"அவசரத்துக்கு இருக்கட்டும்."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. அதற்குமுன், உங்கள் அலமாரியின் மேல்தட்டில் பல வருடமாகப் பிரிக்காமல் இருக்கிறதே ஒரு பெட்டி, அதை இறக்கி உள்ளே என்ன என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

என்ன? இப்போது எதற்கு, இருக்கட்டும் என்கிறீர்களா?

பெட்டியண்ணனுக்கு நீங்கள் என்ன உறவு?